ஆகஸ்ட் 16 ஏன் விடுமுறை?

குரும்பகரத்துப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. 15-ஆம் தேதி சுதந்திர தினம். அது நாடு முழுக்க உண்டு. 16-ஆம் தேதியும் விடுமுறை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும் அத்தை மகனுக்கு அந்த விடுமுறை இல்லை. நவம்பர் முதல் தேதியும் இப்படித்தான். ஏன் என்று கேட்டால் வீட்டில், "பிரெஞ்சுக்காரன் போன நாள்" என்பார்கள். நவம்பரில் ஒரு தடவை போனான், ஆகஸ்டில் இன்னொரு தடவை போனானா என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அந்தப் பதில் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் இப்போது அரசமைப்பைப் படிக்கும் விதத்தில் அதை ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை இணையத்தில் தேடவைத்து அரசமைப்பைக் கற்பிப்பது உருப்படியான முறையா, வெறும் சடங்கா? காரைக்கால் மாவட்டம், நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த இந்த ஒரு ஊரை வைத்துக்கொண்டு அதை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. ஆறாம் வகுப்பும் அதற்கு மேலுள்ள வகுப்புகளும் 2023-24 கல்வியாண்டில் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. என்சிஇஆர்டியின் புதிய ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் அரசமைப்புக்கு அறிமுகமாக ஒரு தனிப்பாடம் இருக்கிறது. பாடம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் என்சிஇஆர்டி புத்தகங்கள் வழக்கமாகத் தமிழில் வருவதில்லை. தமிழில் யோசிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை இறையாண்மை, குடியரசு, கூட்டாட்சி போன்ற கருத்துகளை ஆங்கிலச் சொற்களாகவே முதலில் சந்திக்கிறது. புரியாத இடத்தை நிரப்ப அது போகும் இடம் கைப்பேசி. ஆகவே இணையத் தேடலை அனுமதிப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளி அதைக் கற்றுக்கொடுக்கிறதா, அல்லது வீட்டுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்று வழக்கத்தில் இருப்பது பின்னது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை ஒரு செய்தி வரும்: இந்திய அரசமைப்பு பற்றிய ப்ராஜெக்ட், திங்கட்கிழமைக்குள். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பா வேலை முடிந்து வரும்வரை கிடைக்காது. ஞாயிறு இரவு அக்காவோ அம்மாவோ தேடி, முதலில் வந்த பக்கத்தை அப்படியே எடுத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவார்கள். அச்சிட்ட நான்கு தாள், கடையில் விற்கும் தலைவர் படத்தாளிலிருந்து கத்தரித்த அம்பேத்கர், ஸ்கெட்ச் பேனாவால் மூவண்ணக் கரை. ஆசிரியர் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்திடுவார். அறுபது பிள்ளைகளின் தாளை வாசித்துத் திருத்த அவருக்கு நேரம் ஏது? இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் பிள்ளை அரசமைப்பை ஒரு இடத்தில்கூடத் தொடவில்லை. யாரோ எழுதியதை யாரோ எடுத்து யாரோ அச்சிட்டார்கள். பிள்ளை பசை தடவியது.

கருவி கையில் இருப்பதால் தேடத் தெரியும் என்று நினைப்பதும் பிழை. கிராமப்புறப் பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று பார்க்கும் அசர் அறிக்கை 2024-இல் 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் இதைக் கேட்டது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்றவர்கள் 82 சதவீதம். முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இவர்கள் நாம் பேசும் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள்.

சரி, ஒரு பிள்ளை உண்மையிலேயே உட்கார்ந்து தமிழில் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முட்டுக்கட்டை பெயர். அரசியலமைப்பு, அரசமைப்பு, அரசியல் சட்டம், அரசியல் சாசனம் என்று ஒரே நூலுக்கு நான்கு பெயர் புழங்குகிறது. செய்தித்தாள் ஒன்றைச் சொல்லும், பழைய பாடநூல் வேறொன்றைச் சொல்லும், சட்டத் தமிழ் 'இந்திய அரசமைப்பு' என்னும். எந்தப் பெயரைத் தட்டுகிறோமோ அதற்கேற்ற பக்கங்கள் வரும். நூலுக்குள் போனாலும் இதே கதை. ஒருவர் 'பிரிவு' என்பதை இன்னொருவர் 'சரத்து' என்பார், சட்ட மொழிபெயர்ப்பில் அது 'உறுப்பு'. ஆங்கிலத்தில் தேடும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் தேடும் பிள்ளைக்கு யாராவது முதலிலேயே, இவை எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லியாக வேண்டும். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இரண்டாவது முட்டுக்கட்டை எண். அரசமைப்பில் மொத்தம் எத்தனை பிரிவுகள்? வினாடிவினாக்காரர்களுக்குப் பிடித்த கேள்வி. ஒரு தளம் 395 என்னும், இன்னொன்று 448 என்னும், வேறொன்று 470-ஐத் தாண்டும். பிள்ளை குழம்பி, அதிகத் தளங்கள் சொன்ன எண்ணை எழுதிவிடும். 1949-இல் ஏற்கப்பட்டபோது 395 பிரிவுகள், 22 பகுதிகள், 8 அட்டவணைகள் இருந்தன. இன்றும் கடைசிப் பிரிவின் எண் 395-தான். திருத்தங்களால் வந்த புதிய பிரிவுகள் 21ஏ, 51ஏ, 239ஏ என்று இடையில் செருகப்பட்டன. 31-ஆம் பிரிவு போன்ற சில நீக்கப்பட்டன. செருகியதை எப்படிக் கூட்டுகிறோம், நீக்கியதை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் மாறும். அட்டவணைகள் 8-லிருந்து 12 ஆயின. அடிப்படை உரிமைகளிலும் இதே குழப்பம் உண்டு. முதலில் ஏழு, 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அந்த வரிசையிலிருந்து எடுத்து 300ஏ என்று வேறிடத்தில் வைத்தபின் ஆறு. தேதி போடாத பழைய பக்கம் இன்னும் ஏழு என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கே ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. '395 என்று எழுது, தேர்வில் அதுதான் விடை' என்று முடித்தால் தேடல் செத்துப்போகிறது. 'மூன்று எண் வந்ததா? ஏன் மூன்று வந்தது என்று கண்டுபிடி' என்றால், அரசமைப்பு திருத்தப்படும் நூல் என்ற அடிப்படைப் பாடம் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். பாடநூல் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. முரண்பட்ட விடைகளை எதிரே நிறுத்துவது இணையத்தின் குறை என்பார்கள். வகுப்பறையில் அதுவே அதன் பெரிய பயன் என்பது என் கருத்து.

வயதுக்கு மீறிய வேலை என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். பெரிய பல்கலைக்கழக மாணவருக்கே வராத பழக்கம் நெடுங்காட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. ஆனால் அது அறிவுத்திறனைச் சேர்ந்தது இல்லை, பழக்கத்தைச் சேர்ந்தது. பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும். பன்னிரண்டு வயது அதற்குச் சின்ன வயதும் இல்லை.

தேடலை அவிழ்த்துவிடாமல் கட்டுக்குள் வைக்கும் வழி பழையதே. 1995-இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ் 'வெப்குவெஸ்ட்' என்ற பாடமுறையை வகுத்தார். ஆசிரியர் ஒரு பணியைக் கொடுத்து, பார்க்க வேண்டிய தளங்களையும் தானே தேர்ந்து தருவார். பிள்ளைகளின் நேரம் தேடுவதில் போகாமல் கிடைத்ததை ஆராய்வதில் போகும். அரசமைப்புப் பாடத்துக்கும் இந்த வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். இதன் பலம் தெளிவானது. பலவீனம், பிள்ளை எதையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆசிரியர் ஒளித்து வைத்ததை எடுத்துவருகிறது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே: மூல நூலை ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும், கேள்வி பிள்ளையின் ஊரிலிருந்து வர வேண்டும்.

அப்படி ஒரு கேள்வியாக ஆகஸ்ட் 16-ஐ எடுத்துப் பார்ப்போம்.

மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றும் துறைத் தளத்தில் அரசமைப்பின் முழு உரை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கில பிடிஎஃப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் காரைக்கால் என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினால் முதல் அட்டவணையில் இருக்கும் நம் ஊர் அகப்படாது. நம் மாவட்டத்தை அரசமைப்பு மறந்துவிட்டதா என்று பிள்ளைக்குத் தோன்றும். மறக்கவில்லை. நடுவில் ஓர் 'ஏ' எழுத்தை எடுத்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் எழுதியபடி 'கரிகால்' என்று வாசிக்கும் எழுத்துக்கூட்டலில் தட்ட வேண்டும். அப்போது முதல் அட்டவணை வந்து நிற்கும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்றால் என்ன என்று அங்கே விளக்கம் இருக்கிறது: 1962 ஆகஸ்ட் 16-க்குச் சற்று முன்புவரை இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்புகளாக, பாண்டிச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று அறியப்பட்ட நிலப்பகுதிகள். ஊர்ப்பெயர், தேதி இரண்டும் அந்த ஒரே வரியில். தன் பள்ளி விடுமுறை நாட்டின் அரசமைப்புக்குள் அச்சாகியிருப்பதைத் தன் கண்ணால் காணும் பிள்ளைக்கு அந்த நூல் இனி டெல்லியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாக இருக்காது.

இதைப் பாடநூல் தர முடியாது. நாடு முழுவதற்கும் எழுதும் புத்தகத்தில் காரைக்காலுக்கு ஒரு வரி வருவதே அரிது. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் நமக்கு இடமில்லை. நாம் தமிழ்நாடு இல்லையே. இணையம் பாடநூலை வெல்லும் இடம் இது ஒன்றுதான். ஆனால் இது ஒன்றே போதும்.

வரியைக் கண்டதும் அடுத்த கேள்வி வரும்: பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954 நவம்பர் 1, அப்படியானால் ஏன் 1962? இப்போது பிள்ளை வரலாற்றுக்குள் நுழைகிறது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் பிரதிநிதிகள் கூடினார்கள். 178 பேர் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களித்தவர்கள் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். பொதுமக்கள் நேராக வாக்களிக்கவில்லை. வங்காளத்துப் பிரெஞ்சுக் குடியிருப்பான சந்திரநாகூரில் 1949-இல் நடந்தது போன்ற பொது வாக்கெடுப்பு இங்கே நடக்கவில்லை. நவம்பர் 1 அன்று ஆட்சி மட்டும் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றது அல்ஜீரியப் போர் முடிந்தபிறகு, 1962-இல். அந்த ஆகஸ்ட் 16 அன்றுதான் நிலம் சட்டப்படி கைமாறியது. அந்த எட்டாண்டுகள் காரைக்கால் சட்டப்படி வெளிநாடு. வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டம், 1947 என்ற சட்டத்தைக் கொண்டுதான் இந்தியா இதை ஆண்டது.

நம்புவதற்குக் கடினமாக இருந்தால் பிள்ளைக்குக் காட்ட ஒரு வழக்கு இருக்கிறது, அதுவும் பேருந்து வழக்கு. புதுச்சேரியில் பேருந்து ஓட்டும் அனுமதி தொடர்பாகத் தலைமை ஆணையர் எடுத்த முடிவை எதிர்த்து மஸ்தான் சாகிப் என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பின் பகுதியா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. 1961 டிசம்பரில் நீதிமன்றம் அரசின் நிலையைக் கேட்டது. இல்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. 1962-இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை முழுதாக வாசிக்க வேண்டியதில்லை. அரசமைப்பு எல்லை எங்கே முடிகிறதோ அங்கே குடிமகனின் முறையீடும் முடிந்துபோகிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

பிறகு, அதே 1962 டிசம்பரில் 14-ஆம் திருத்தம் வந்தது. புதுச்சேரியை முதல் அட்டவணையில் சேர்த்தது. சட்டமன்றம் அமைக்க வழிவிடும் 239ஏ பிரிவையும் செருகியது. முன்பு பார்த்த எண் குழப்பத்துக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், நம் ஊரைச் சேர்க்கச் செருகிய பிரிவே அதில் ஒன்று.

ஆக, 'அரசமைப்பு எப்போது நடைமுறைக்கு வந்தது' என்ற கேள்விக்கு 1950 ஜனவரி 26 சரியான விடை. 'குரும்பகரத்துக்கு எப்போது வந்தது' என்ற கேள்விக்கு அது தவறான விடை. 1946 முதல் 1949 வரை டெல்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் காரைக்காலுக்கு ஒரு நாற்காலி இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1945-46-இல், பிரான்சின் புதிய அரசமைப்பை எழுதிய பாரிஸ் மன்றத்தில் பிரெஞ்சு இந்தியாவுக்கு இடம் இருந்தது. அந்த 1946 அரசமைப்பின் 27-ஆம் பிரிவு, மக்களின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. கீழூரில் வாக்கெடுப்பு தேவைப்பட்டதற்குப் பின்னால் நின்றது அதுவே. இரண்டு நாட்டு அரசமைப்புகள் சேர்ந்து முடிவு செய்த மண் இது. இதைத் தெரியாமல் இங்கே ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டுவது பெரிய இழப்பு.

இன்னொன்றும் இங்கே உண்டு. இந்தியாவின் பெரும்பாலான வகுப்பறைகளில் கிடையாது. 1956 ஒப்பந்தம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் வீடுகள் காரைக்காலுக்குப் புதிதல்ல. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கக்கூடும். இருவருக்கும் எந்தெந்த உரிமை உண்டு? 14, 21, 25 ஆகிய பிரிவுகள் 'நபர்' என்று பேசுகின்றன, எல்லாருக்கும் பொருந்தும். 15, 16, 19 'குடிமகன்' என்று பேசுகின்றன. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் 21ஏ எல்லாக் குழந்தைகளையும் சொல்கிறது. இரண்டு சொல்லையும் தேடிக் கோடிட்டு வரச் சொன்னால், சட்டத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பது அரைமணி நேரத்தில் விளங்கும். யாருடைய குடியுரிமையையும் வகுப்பில் வெளிப்படையாகக் கேட்காமல் செய்ய வேண்டிய பயிற்சி இது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தேடல் எப்போதும் வசதியான இடத்தில் நிற்காது. 'நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் யார்?' என்று ஒரு பிள்ளை கேட்கும். பஞ்சாயத்துகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடியும் முன் தேர்தல் என்று 243இ பிரிவு சொல்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அதில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது; அடுத்த தேர்தல் இல்லாமலே பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தது. உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொல்லியும் நடக்கவில்லை. அரசு ஊழியரான ஆசிரியர் இந்த இடத்தில் தயங்குவார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிரிவில் இருப்பதையும் நடந்த ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது அரசியல் பிரச்சாரம் ஆகாது. பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததை ஆசிரியர் அழித்தால், அரசமைப்பு என்பது தேர்வுக்கு மட்டும் என்று பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் இந்த முறைக்குச் சாதகம். எதிர்த்தட்டில் பெரிய எடை ஒன்று இருக்கிறது. தேதியும் அட்டவணையும் திருத்தமும் அரசமைப்பின் உடம்பு. சமத்துவம், சகோதரத்துவம், தீண்டாமை ஒழிப்பு அதன் உயிர். 17-ஆம் பிரிவைத் தேடுபொறி ஒரு நொடியில் கொண்டுவரும். அந்தப் பிரிவு நம் தெருவிலும் குளக்கரையிலும் கோயில் வாசலிலும் நடைமுறையில் இருக்கிறதா என்று எந்தத் தளமும் சொல்லாது. நெடுங்காடு சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஏன் ஒதுக்கினார்கள் என்று இணையத்தில் தேடும் பிள்ளைக்குச் சட்ட விளக்கத்தோடு வசைகளும் சேர்ந்தே வரும். அந்த வசை தன்னைக் குறித்தது என்று உணரும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். இந்தத் தலைப்பைத் தேடலுக்கு விடவே கூடாது. ஆசிரியர் வாயால், முகம் பார்த்து, நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது இது.

கேரளத்தின் கொல்லம் மாவட்டம் இணையத் தேடலுக்கு எதிர்முனையில் நிற்கும் நல்ல சாட்சி. பத்து வயதைக் கடந்த எல்லாருக்கும் அரசமைப்பு அறிவு என்ற இலக்கோடு மாவட்டப் பஞ்சாயத்தும் திட்டக் குழுவும் உள்ளாட்சிப் பயிற்சி தரும் கிலா நிறுவனமும் சேர்ந்து 'தி சிட்டிசன்' இயக்கத்தை நடத்தின. 'செனட்டர்' என்று பெயரிட்ட பயிற்சி பெற்ற ஆட்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்ப் பேசினார்கள். 2023 ஜனவரியில் நாட்டிலேயே முதல் அரசமைப்பு எழுத்தறிவு மாவட்டமாகக் கொல்லம் அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் ஆதாரம் ஆட்கள். நாலே நாளில் அரசமைப்பு யாருக்கும் முழுதாகப் புரிந்துவிடாது என்பது உண்மையானாலும், முன்னுரையையும் உரிமைகளையும் எதிரே உட்கார்ந்து ஒருவர் விளக்குவதற்கு ஈடாக எந்தத் திரையையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டையும் எடைபோட்டபின் என் முடிவு இது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அரசமைப்பு ப்ராஜெக்ட்டை நிறுத்திவிடலாம். அது பிள்ளைக்கு எதையும் தருவதில்லை, ஏழை வீட்டுக்குச் செலவு வைக்கிறது, ஒரு போன் இருக்கும் வீட்டில் பெண்பிள்ளையைக் கடைசியில் நிறுத்துகிறது. பாடநூலில் இருப்பதையே திரும்பத் தேடவைப்பதிலும் பயன் இல்லை. பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினியில், இரண்டு பிள்ளைக்கு ஒரு திரையாக, மூல உரையைத் திறந்து வைத்து, தன் ஊரைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியோடு தேடவைத்தால் இது பாடநூலைவிட நல்ல முறை. பன்னிரண்டு வயதுக்குத் தாங்கும் முறையும்கூட. ஒரு கேள்விக்கு மூன்று பாடவேளை ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு கேள்வி போதும். முன்னுரையும் 17-ஆம் பிரிவும் ஆசிரியரின் குரலில் நடக்கட்டும்.

கணினி இல்லை, இணைப்பு நிற்கவில்லை என்றால் முறையைக் கைவிட வேண்டியதில்லை. முதல் அட்டவணையின் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தாலே பாதி வேலை நடந்துவிடும். மீதிப் பாதி பல வீடுகளில் தகரப்பெட்டிக்குள் இருக்கிறது: பிரெஞ்சில் எழுதிய தாத்தாவின் பிறப்புப் பதிவு, பழைய பத்திரம், 1954-ஐ நினைவில் வைத்திருக்கும் பாட்டி. அவை எந்தத் தேடுபொறியிலும் ஏறாத மூல ஆவணங்கள். நினைவு உள்ளவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

காரைக்கால் சமூக அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கரும்பலகையில் ஒரே கேள்வியை எழுதுங்கள்: நமக்கு மட்டும் 16-ஆம் தேதி ஏன் விடுமுறை? விடையைச் சொல்லிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டலில் ஓர் 'ஏ' குறைவு என்பதை மட்டும் இரண்டாம் பாடவேளை வரை காத்திருந்து சொல்லுங்கள்.